பழைய செயின்சா இழுத்தும் கிளம்பவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் உள்ள என் பட்டறைக்குப் புல்வெட்டும் இயந்திரங்களும் மருந்தடிக்கும் பம்புகளும் ஆண்டு முழுவதும் வரும். செயின்சா மட்டும் அலை அலையாக வரும். பாலிக் புலாவில் டுரியான் பருவத்துக்கு முன் பட்ட கிளைகளைக் கழிக்கும்போது ஓர் அலை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடக் கம்பும் பலகையும் அறுக்கும்போது இன்னோர் அலை. பெருங்காற்றில் மரம் சாய்ந்த மறுநாள் வருவது பேரலை. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கைப் புரட்டிப் போட்ட புயல்மழைக்குப் பின், தண்ணீர் வடிந்ததும் என் வாசலில் செயின்சாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ‘நேற்று வரை நன்றாக ஓடியது’ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். விசாரித்தால் அந்த ‘நேற்று’ ஏழெட்டு மாதத்துக்கு முந்தியதாக இருந்தது.

அப்படி வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை முறை இழுத்துப் பார்க்கலாம்?

பத்து. அதற்குள் கிளம்பாத இயந்திரம் ஐம்பதாவது இழுப்புக்கும் பெரும்பாலும் கிளம்பாது. உங்கள் தோள்பட்டை வலிக்கும், கயிறு அறும், உள்ளே பெட்ரோல் தேங்கி, இருந்த சிக்கலோடு புதிய சிக்கலும் சேரும். பத்துக்கு மேல் இழுக்கத் தோன்றினால் கயிற்றை விட்டுவிட்டு, பெட்ரோலைப் பொறியால் கொளுத்தும் பிளக்கைக் கழற்றும் சாவியை எடுங்கள்.

நான் கிளப்பும் முறையே தவறாக இருக்குமோ?

இருக்கலாம். பழுதே இல்லாத செயின்சாவைக் கொண்டுவந்து பழுது என்று கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

குளிர்ந்திருக்கும் இயந்திரத்துக்குச் சோக்கை, அதாவது காற்று போகும் வழியை அடைக்கும் விசையை, முழுவதும் மூடி இழுக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்காவது இழுப்பில் ‘புக்’ என்று ஒரு தும்மல் தும்மி அடங்கும். நம்மவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். தும்மியதைப் பார்த்து ஆசை வந்து, சோக்கைத் தொடாமல் மேலும் மேலும் இழுக்கிறார்கள். அந்தத் தும்மலுக்கு ‘பெட்ரோல் வந்துவிட்டது, இனிமேல் காற்றுக் கொடு’ என்று அர்த்தம். உடனே சோக்கைப் பாதி நிலைக்குக் கொண்டுவந்து இழுத்தால் ஓரிரு இழுப்பில் ஓடத் தொடங்கும். பழைய இயந்திரங்களில் தும்மல் மிக மெலிதாகக் கேட்கும். பக்கத்தில் லாரி ஓடினால் காதில் விழாது. அதனால் நான்கு இழுப்பு முடிந்தால் தும்மியதோ இல்லையோ சோக்கைப் பாதிக்கு மாற்றிவிடுங்கள்.

சூடாக இருக்கும் இயந்திரத்துக்குச் சோக் வேண்டாம். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முழுச் சோக்கில் இழுப்பவர்கள்தான் அடுத்த வாரம் என்னிடம் வருகிறார்கள்.

பிளக்கைக் கழற்றினால் என்ன தெரியும்?

பாதி நோய் தெரிந்துவிடும். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதைப் போலத்தான் இது.

இழுத்துக் களைத்த கையோடு, உடனே கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வந்து சேருகிறது, கொளுத்தத்தான் ஆளில்லை. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய்விட்டது, அல்லது வந்த பெட்ரோல் உதவாதது. நுனி சுக்காகக் காய்ந்திருந்தால் எரிபொருளே வரவில்லை. அப்போது டாங்கியிலிருந்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வரை வழியைத் தேட வேண்டும். கரியப்பிக் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் பெட்ரோலில் எண்ணெய் அதிகம் கலந்திருக்கிறீர்கள், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெளிர்ப் பழுப்பு நிறம் நல்ல ஆரோக்கியம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் எங்கோ காற்றுக் கசிந்து இயந்திரம் தாங்காத சூட்டில் ஓடியிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். பிஸ்டன் உராய்ந்து போவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை அது.

மின்முனை இடைவெளி பெரும்பாலான செயின்சாக்களுக்கு 0.5 மி.மீ. பிளக் பழையதாக இருந்தால் சுரண்டிக்கொண்டிருக்காமல் அதே எண்ணுள்ள புதியதை வாங்கிப் போடுங்கள். விலை சொற்பம். கறுத்த பிளக்கை மணல்தாளால் தேய்த்து மூன்று தலைமுறை ஓட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தேய்த்த பொடி உள்ளே விழுந்து சிலிண்டரைக் கீறும்.

பிளக் நனைந்திருக்கிறது. என்ன செய்வது?

பிளக்கைத் துடைத்துக் காய வையுங்கள். சுவிட்சை அணைத்து, இயந்திரத்தைப் பிளக் துளை கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கயிற்றை இழுங்கள். தேங்கிய பெட்ரோல் துளை வழியே பீய்ச்சிக்கொண்டு வரும். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் சிகரெட், சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. ‘சாம்பிராணியா?’ என்று சிரிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலையில் சாமி படத்துக்குப் புகை காட்டிக்கொண்டிருந்த கொட்டகையில் ஒருவர் இதைச் செய்து, புருவத்தை மட்டும் இழந்து தப்பினார்.

கால் மணி நேரம் திறந்தபடி விட்டு, பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் ஆக்ஸிலேட்டர் விசையை முழுவதும் அழுத்திப் பிடித்து இழுங்கள். கிளம்பும்போது புகையைக் கக்கும், சங்கிலியும் சுற்றலாம். சங்கிலி ஓடும் பட்டை எதிலும் படாமல் இருக்கட்டும்.

பிளக் காய்ந்திருந்தால்?

ஒரு சின்னச் சோதனை. பிளக் துளைக்குள் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக எண்ணெய் கலந்த புதிய பெட்ரோலை விட்டு, பிளக்கை மாட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் பொறியும் சிலிண்டருக்குள் அழுத்தமும் நன்றாக இருக்கின்றன, பெட்ரோல் வரும் வழிதான் கெட்டிருக்கிறது. இருமக்கூட இல்லையென்றால் பொறியையும் அழுத்தத்தையும் பாருங்கள். கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்குவதற்கு முன், ஒரே நிமிடத்தில் முடியும் இதைச் செய்துவிடலாம்.

வழி கெட்டிருந்தால் டாங்கியிலிருந்து தொடங்குங்கள். உள்ளே குழாயின் முனையில் குண்டாக ஒரு வடிகட்டி தொங்கும். கம்பியைக் கொக்கியாக வளைத்து அதை வெளியே இழுக்கலாம். கறுத்து இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அப்படியே ரப்பர் குழாயையும் வளைத்துப் பாருங்கள். நம் வெப்பத்தில் அது விறைத்து, மடங்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். பார்த்தால் தெரியாது, வளைத்தால் வாய் திறக்கும். அந்த வெடிப்பு வழியாகப் பெட்ரோலுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட செயின்சா என்றால் நான் கேட்காமலேயே குழாயை மாற்றிவிடுவேன்.

பெட்ரோல் டாங்கியில் நிறைய இருக்கிறதே, அதில் என்ன குறை?

எப்போது ஊற்றியது? இந்தக் கேள்விக்குத்தான் பலருக்குத் தொண்டை அடைக்கிறது.

இயந்திரத்தைக் கிளப்ப உதவுவது பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் மெல்லிய பகுதி. முதலில் பறந்துபோவதும் அதுதான். தகரக் கூரைக் கொட்டகையில் பகல் முழுவதும் வெந்து இரவில் ஆறும் டாங்கியில் இது இன்னும் வேகமாக நடக்கும். மிஞ்சுவது கனமான பெட்ரோலும் நீங்கள் கலந்த எண்ணெயும். முகர்ந்தால் பெட்ரோலின் காரம் இருக்காது, வார்னிஷ் வாடை வரும். அது கார்புரேட்டரின் ஊசித்துளைகளில் பிசினாகப் படியும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது என் கணக்கு. பல இயந்திரங்களின் கையேடுகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன.

தண்ணீர் வேறு. பாதி காலியான டாங்கிக்குள் ஈரக் காற்று புகுந்து வியர்க்கும். பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். கார்புரேட்டருக்குள் ஒரு சொட்டுப் போனாலும் இயந்திரம் கிளம்பாது.

ஆகவே, பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுவதே முதல் வைத்தியம். கொட்டுவது என்றால் வடிகாலில் அல்ல. மூடிய கலனில் சேர்த்து, கழிவெண்ணெய் எடுக்கும் மோட்டார் பட்டறையில் கொடுங்கள்.

எண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும்?

பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்றும் எஞ்சின்களுக்கான இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெயாக இருந்தால் 50க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. எந்த எண்ணெய் என்றே தெரியாமல் பழைய இயந்திரத்துக்கு ஊற்றுவதானால் 25க்கு 1, அதாவது 40 மில்லி. பல பழைய கையேடுகளில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். கொஞ்சம் புகைக்கும், பிளக் சீக்கிரம் கறுக்கும், ஆனால் பிஸ்டன் பிழைக்கும். பெட்ரோலில் ரோன் 95 ரகம் போதும். ரோன் 97 ஊற்றினால் கிளம்பும் என்பது வெறும் நம்பிக்கை.

தெலுக் பஹாங், பத்து மாவுங் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் படகு எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயையே இதற்கும் கலப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. செயின்சா காற்றால் குளிர்வது, உள்ளே சூடு அதிகம். அந்த எண்ணெய் இதற்குத் தாங்காது. மோட்டார் சைக்கிளின் ஃபோர்-ஸ்ட்ரோக் எண்ணெயும் கூடாது. கண்ணளவில் ‘கொஞ்சம்’ ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் ஓர் ஊசிக்குழலை வாங்கி அளந்து ஊற்றுங்கள்.

கார்புரேட்டரை நானே பிரிக்கலாமா?

மேசை சுத்தமாக இருந்து, வெள்ளைத் துணியும் கைப்பேசியில் படம் பிடிக்கும் பொறுமையும் இருந்தால் பிரிக்கலாம். ஊசி வால்வை மூடி வைக்கும் சின்னச் சுருள்வில் தெறித்து விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

உள்ளே இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, நகக்கண் அளவுள்ள வலை. அதில் பிசின் படிந்திருக்கும். மற்றொன்று மெல்லிய சவ்வு. டயஃப்ரம் என்பார்கள். புதிதாக இருக்கும்போது வெற்றிலைத் தளிர் போல மடங்கும். பழசானால் பப்படம் போல விறைத்துச் சலசலக்கும். அது விறைத்தால் ஊசி வால்வைத் தூக்கி பெட்ரோலை உள்ளே விட ஆளில்லை. வால்ப்ரோ, ஸாமா வகைக் கார்புரேட்டர்களுக்குச் சவ்வும் கேஸ்கெட்டும் சேர்ந்த பொதிகள் தனியே கிடைக்கின்றன. மேலே பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணிகளைத் தொடாதீர்கள் என்று சொன்னாலும் தொட்டுவிட்டுத்தான் வருகிறீர்கள். எங்கே இருந்தது என்று மறந்துவிட்டால், ‘எல்’ (குறைந்த வேகம்), ‘எச்’ (அதிக வேகம்) இரண்டையும் மெதுவாக மூடும் வரை திருகி, பிறகு ஒவ்வொரு சுற்றுத் திறங்கள். பெரும்பாலானவை அந்த நிலையில் கிளம்பும். சில மாதிரிகளுக்குக் கணக்கு வேறு, ஆகவே கையேடு இருந்தால் அதைப் பாருங்கள். வேகம் வேண்டும் என்று ‘எச்’ திருகாணியை மேலும் மூடினால் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறையும், ஒரு மரம் அறுப்பதற்குள் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

பொறி வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

துளைக்குள் தேங்கியதை முதலில் வடித்துவிட்டு, பிளக்கை அதன் தொப்பியோடு மாட்டி, அதன் உலோக உடம்பைத் துளையிலிருந்து தள்ளிச் சிலிண்டரின் மீது அழுத்தி வைத்து, நிழலில் கயிற்றை இழுங்கள். நீலமாகச் சொடுக்கினால் நல்லது. மஞ்சளாக மினுக்கினால் சந்தேகம். வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் பொறியே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பொறி வரவில்லையென்றால், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் குறை சொல்வதற்கு முன், அணைக்கும் சுவிட்சின் ஒயரைக் காயிலிலிருந்து பிரித்து மறுபடி பாருங்கள். அந்த ஒயரின் உறை தேய்ந்து உடம்பில் பட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் எப்போதும் ‘அணை’ நிலையில்தான் இருக்கும். எலி கடித்த ஒயர்களும் நிறையப் பார்த்தாகிவிட்டது. அடுத்தது, காயிலுக்கும் சுழலும் காந்தச் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி. 0.2 முதல் 0.3 மி.மீ. கனமான ஒரு முகவரி அட்டையை நடுவில் வைத்துத் திருகை இறுக்கினால் சரியாக வரும். காந்தத்தில் துரு பிடித்திருந்தால் துடைத்துவிடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் அது தவறாமல் பிடிக்கும்.

கிளம்புகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பிறகு கிளம்பவே மறுக்கிறது. ஏன்?

இரண்டு காரணங்கள் ஒரே முகத்தோடு வரும். நின்றவுடன் பெட்ரோல் மூடியைத் திருகித் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, மூடியதும் கிளம்பினால் டாங்கியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடமாகி வரத்து நின்றுவிடும். மரத்தூளும் எண்ணெயும் குழைந்து அந்தத் துளையை மெழுகியிருக்கும். ரப்பர் மரத்தின் பால் கலந்த தூள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: சூடான டாங்கியைத் திறந்தால் பெட்ரோல் மேலே பீய்ச்சவும் கூடும். கொஞ்சம் ஆறவிட்டு, துணியால் மூடியபடி மெதுவாகத் திறங்கள்.

மூடியைத் திறந்தும் பயனில்லை, அரை மணி நேரம் ஆறியபின் தானாகவே கிளம்புகிறது என்றால் காயில். சூடேறியதும் அதன் உள்சுற்று அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். நின்ற சூட்டிலேயே பொறியைச் சோதித்தால்தான் பிடிபடும். பட்டறைக்குக் கொண்டுவரும் வழியில் ஆறிவிடுவதால், ‘இங்கே மட்டும் ஓடுகிறதே’ என்று உரிமையாளர் என்னை ஏதோ மாந்திரீகன் போலப் பார்ப்பார்.

கயிறே இழுபடவில்லையே?

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள்.   அப்போது இழுபட்டால் உள்ளே பெட்ரோல் நிரம்பியிருக்கிறது, மேலே சொன்னபடி கவிழ்த்து வடியுங்கள். பிளக் இல்லாமலும் அசையவில்லையென்றால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. எண்ணெய் கலக்காத பெட்ரோலை யாராவது ஊற்றினார்களா என்று வீட்டில் மெதுவாக விசாரியுங்கள். அநேகமாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்பிரே அடித்தால் உடனே கிளம்புமாமே?

அடிக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகு பெட்ரோலோடுதான் வருகிறது. அந்த ஸ்பிரேயில் இருக்கும் வெறும் ஈதரில் எண்ணெய் இல்லை. இருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும்.

அப்பா தோட்டத்தில் வைத்திருந்த பழைய பெரிய செயின்சா இருக்கிறது. அதை உயிர்ப்பிக்க முடியுமா?

இந்தக் கேள்வி வரும்போது என் கையிலிருக்கும் வேலை கொஞ்சம் நின்றுவிடும். என் அப்பாவும் செபராங் பிறையில் மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்தவர். அவர் தூக்கியது ஜெர்மனியின் ஸ்டீல் (Stihl) கம்பெனி செய்த 070 என்ற மாதிரி. எஞ்சின் 106 சி.சி. இன்று வீட்டுக்கு வாங்கும் செயின்சாக்கள் பெரும்பாலும் முப்பது நாற்பது சி.சி.தான். அதை இழுத்துக் கிளப்ப ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும். தவறான நேரத்தில் கயிறு திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். அப்பாவின் வலது கட்டைவிரல் கடைசிவரை நேராக மடங்கவில்லை.

முடியுமா என்றால், அழுத்தத்தைப் பொறுத்தது. பிளக்கை மாட்டி, சுவிட்சை அணைத்து, கயிற்றுப் பிடியைப் பிடித்து இயந்திரத்தைத் தரைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். தன் எடையில் விட்டு விட்டு, படிப்படியாக இறங்கினால் உயிர் இருக்கிறது. கிணற்று வாளி போல விர்ரென்று இறங்கினால் பிஸ்டன் வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டன. அழுத்தம் காட்டும் அளவி வைத்துப் பார்த்தால் 120 பிஎஸ்ஐக்கு மேல் மகிழ்ச்சி, 90க்குக் கீழே இறங்கினால் கிளம்புவது கடினம். சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியே விளக்கடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். வழவழவென்று இருக்க வேண்டும். நெடுக்காகக் கோடு கோடாகக் கீறியிருந்தால் செலவு பெரிது.

மிகப் பழையவற்றில் காயிலோடு பாயிண்ட் இருக்கும், அதாவது மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன முனைகள். அதன் முனைகள் பாசம் பிடித்தாற்போல மங்கினாலே பொறி போய்விடும். மெல்லிய அரத்தால் ஒரு தடவு தடவி, 0.35 முதல் 0.4 மி.மீ. இடைவெளி வைத்தால் பல நேரம் அதுவே போதும். 070க்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. அச்சு அசலாக அதைப் போலவே செய்த மலிவு நகல்களும் கிடைக்கின்றன. நகல் பாகத்தை அசலில் பொருத்தும்போது அளவு அரை முடி தள்ளியிருக்கும், பொறுமை வேண்டும்.

செலவுக்குத் தகுமா என்று பாலிக் புலாவிலிருந்து ஒரு தவுக்கே (முதலாளி) கேட்டார். கணக்குப் பார்த்தால் தகாது, புதியது ஒன்று வாங்குங்கள் என்றேன். அவர் தன் தந்தையின் செயின்சாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சரிசெய்து கொடுத்தேன்.

கையில் தொங்கவிட்டபடியே இழுக்கலாமா? பலரும் அப்படித்தான் செய்கிறார்களே?

கூடாது. தரையில் வைத்து, வலது காலின் முன்பகுதியைப் பின்பிடிக்குள் நுழைத்து மிதித்து, இடது கையால் முன்பிடியை அழுத்தி, சங்கிலித் தடை போட்ட நிலையில் இழுங்கள். கிளம்ப மறுக்கும் இயந்திரத்தில் ஆக்ஸிலேட்டர் பாதி திறந்தே இருக்கும். திடீரென்று பிடித்தால் சங்கிலி முழு வேகத்தில் சுற்றும், அப்போது அது உங்கள் தொடைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்.

அடுத்த பருவம் வரை எப்படி வைப்பது?

டாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரும் வறண்டுவிடும். காற்று வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைத்து மாட்டுங்கள். பிளக் துளையில் சில சொட்டு டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு இரண்டு முறை மெதுவாக இழுத்து மூடுங்கள். மாதம் ஒருமுறை புதிய பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டுவேன் என்றால் அதைவிட நல்லது, ஆனால் அப்படிச் சொன்ன எவரும் செய்து நான் பார்த்ததில்லை.

கயிற்று மூடிக்குள் பல்லி முட்டையிடும், சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டும். வெளியேற வழியில்லாத புகை உள்ளேயே முட்டி, இயந்திரம் கிளம்பாது. சைலன்சர் வாயில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள். சிவப்புத் துணியாக, வால் நீளமாக வெளியே தொங்கும்படி வையுங்கள். அதை எடுக்க மறந்துவிட்டு ஒரு மணி நேரம் இழுத்துக் களைத்தவரும் என்னிடம் வந்திருக்கிறார்.